எள்ளும் ஒலிவமும் கொற்கை மண்ணும்

(உடன்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் துபாயிலிருந்து என் மருமகன் போனில் கூப்பிட்டான். லீவில் கப்பல் சுற்றுலா போய் வந்திருக்கிறான். துருக்கிக் கரையில் குஷாதாசி என்று ஒரு துறைமுக ஊர். கப்பல் அங்கே ஒரு பகல் மட்டும் நின்றதாம். "மாமா, ஒரே நாள்தான். காலையில எபேசு இடிபாடு, மத்தியானம் கடற்கரையில மீன் சாப்பாடு, சாயங்காலம் ஒலிவ எண்ணெய் ஆட்டுற எடம். எல்லாம் ஒரே பஸ்ஸு, ஒரே டிக்கெட்டு. உங்களுக்கு அரை லிட்டர் பாட்டில் வாங்கி வச்சிருக்கேன்" என்றான். கூடவே நாற்பது போட்டோ அனுப்பினான். அதில் முப்பத்தெட்டில் அவன்தான் நிற்கிறான். மீதி இரண்டில் பளிங்குத் தூண்கள் இருந்தன.

எபேசு என்றால் இந்தப் பக்கத்தில் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எபேசியருக்கு எழுதிய நிருபத்தை ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே பாதிப்பேர் இருப்பீர்கள். அந்த எபேசுதான். கிரேக்கர்கள் போய்க் குடியேறி உண்டாக்கிய ஊர். பிறகு ரோமாபுரிக்காரர்கள் கைக்குப் போனது. இன்றைக்கு துருக்கி நாட்டுக்குள் இருக்கிறது.

நான் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எல்லாம் சரிடா, கடல் எங்கே?" அவன் முழித்தான். துறைமுகப் பட்டினம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், துறைமுக வீதி என்று ஒரு அகலமான பாதை கூட இருக்கிறது, அந்த வீதி போய் முடிகிற இடத்தில் புல்லும் சதுப்பும்தான் இருக்கிறது. கடல் அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி. அந்த ஊர் ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தை மூடிவிட்டது. கப்பல் வராத ஊரில் வியாபாரிக்கு என்ன வேலை? கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு வேறொரு ஊர் ஞாபகம் வந்திருக்கும். வந்திருக்க வேண்டும். ஆற்று முகத்தில் இருந்த துறைமுகம், வண்டல் மூடி, கடல் விலகி, இன்றைக்கு வாழைத் தோட்டத்துக்கு நடுவே கிடக்கும் ஊர் நமக்கும் ஒன்று உண்டு. கொற்கை. இன்று கொற்கையிலிருந்து கடலுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் போக வேண்டும்.

ஆக, மருமகன் பார்த்த மூன்றும் நம்மிடம் இருக்கின்றன. இடிபாடு இருக்கிறது, கடற்கரைப் பட்டினம் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. உடன்குடியில் காலையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரலாம். இல்லாதது அந்த ஒரே பஸ் மட்டும்தான். இன்றைக்கு வாயாலேயே அந்த பஸ்ஸை ஓட்டிக் காட்டுகிறேன். ஏறிக்கொள்ளுங்கள்.

முதலில் ஆதிச்சநல்லூர். திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் பாதையில், தாமிரபரணியின் தென்கரையில், செம்மண்ணும் சரளையுமாக ஒரு மேடு. ஊர்க்காரர்கள் பரம்பு என்பார்கள். பார்க்க ஒன்றுமே இருக்காது. நான் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தோடு போனபோது அங்கே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. வாத்தியார், "இதுக்குக் கீழே நம்ம முன்னோர் இருக்காங்க" என்றார். நாங்கள் பயந்துபோய்க் கால்மாற்றி நின்றோம்.

அந்த மேடு முழுக்கத் தாழிகள். இறந்தவர்களைப் பெரிய மண்தாழிக்குள் வைத்துப் புதைத்த காடு. 1876-இல் பெர்லினிலிருந்து யாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டினார். கிடைத்ததைப் பெர்லினுக்கே கொண்டுபோய்விட்டார். அதே 1876-இல்தான் இன்னொரு ஜெர்மானியர், ஷ்லீமான், கிரேக்க நாட்டில் மைசீனியைத் தோண்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கல்லறைகளில் தங்க முகமூடிகள் கிடைத்தன. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. மைசீனி இன்றைக்கு எல்லாச் சுற்றுலா அட்டவணையிலும் இருக்கிறது. நம்முடைய தாழிகள் பெர்லினில் போய் உட்கார்ந்தன. அதே வருஷம், அதே மாதிரித் தோண்டல், ஆனால் தலையெழுத்து இப்படி ஆகிவிட்டது.

பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் ரீ என்ற வெள்ளைக்கார அதிகாரி முறையாகத் தோண்டினார். வெண்கலச் சாமான்கள், இரும்பு ஆயுதங்கள், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டங்கள் எல்லாம் எடுத்தார். அவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004-இல் மறுபடி தோண்டினார்கள். 2021-இல் தொடங்கி இன்னொரு சுற்று. 2022-இல் மீண்டும் ஒரு தங்கப் பட்டம் கிடைத்தது. இப்போது அங்கே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். தோண்டிய குழியை மூடாமல், அதன்மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். நாம் மேலே நடக்கலாம். காலுக்குக் கீழே தாழிகள், கிடைத்த கிடையில், உடைந்தது உடைந்தபடி.

அந்தக் கண்ணாடிமேல் நிற்பவர்களை நான் கவனித்திருக்கிறேன். முதலில் போனை எடுப்பார்கள். கண்ணாடியில் மேலே உள்ள லைட்டுதான் விழும், படம் சரியாக வராது. நாலைந்து முறை முயன்றுவிட்டு போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் குனிவார்கள். அப்போதுதான் பார்க்கத் தொடங்குகிறார்கள். போன தடவை ஒரு அம்மா, எழுபது வயதிருக்கும், குத்தவைத்து உட்கார்ந்து ஒரு தாழியையே ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்திருக்கும்போது பக்கத்திலிருந்த பேத்தியிடம், "நெல்லு போட்டு வைக்கிற குலுக்கை மாரில்ல இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் நான் எந்த ஆராய்ச்சிப் புத்தகத்திலும் படித்ததில்லை. தானியம் வைத்த பாத்திரத்தின் வடிவத்தில்தான் மனிதர்களையும் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் சிவகளையில் ஒரு தாழிக்குள் நெல் உமி கிடைத்து, அதன் காலம் கி.மு. 1155 என்று கணித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? எபேசில் கிரேக்கர் குடியேறியதாகச் சொல்லும் காலத்துக்கும் அது கொஞ்சம் முந்தியது.

எபேசில் நூலக முகப்பு ஒன்று இருக்கிறது. என் மருமகன் அதன் முன்னால் மட்டும் பதினொரு போட்டோ எடுத்திருக்கிறான். இரண்டு மாடித் தூண்கள், சிலைகள், பிரமாதமாக இருக்கிறது. 2-ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஆனால் அது அப்படியே நின்றுகொண்டிருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பூகம்பத்தில் விழுந்து துண்டு துண்டாகக் கிடந்ததை ஆஸ்திரிய நாட்டுக்காரர்கள் 1970-களில் பொறுக்கியெடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். பளிங்கு ஊர் என்பதால் அது முடிந்தது. நம்முடையது சுட்ட மண் ஊர், செங்கல் ஊர், ஓலை ஊர். தூக்கி நிறுத்த எதுவும் இல்லை. இதனால்தான் வெளியூர் நண்பர்களைக் கொற்கைக்குக் கூட்டிப்போனால், "எங்கேய்யா கொற்கை?" என்று கேட்கிறார்கள். "நீங்க நிக்கிற எடம்தான்" என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

சரி, பஸ் இப்போது ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஏரல் வழியாகக் கொற்கைக்குப் போகிறது. நம்மாழ்வார் ஊரை இன்றைக்கு விட்டுவிடுவோம். அங்கே இறங்கினால் பொழுது முழுக்க அங்கேயே போய்விடும்.

கொற்கையில் ஒரு வன்னி மரம். ரொம்பப் பழைய மரம் என்று அழுத்தி அழுத்திச் சொல்வார்கள். வெற்றிவேல் அம்மன் கோயில். பக்கத்திலேயே அக்கசாலை என்று ஒரு சின்ன ஊர். அக்கசாலை என்றால் பொன் வேலை செய்யும் இடம், நாணயம் அடிக்கும் இடம். பாண்டியர் நாணயச்சாலை இருந்த இடம் என்று சொல்வார்கள். ஊர்ப் பெயர் மட்டும் மிச்சம். தோட்டங்களில் மண்வெட்டி போட்டால் சங்குத் துண்டுகள் வரும். நான் சொல்வது முழுச்சங்கு இல்லை. வளையலுக்கு அறுத்தது போக மிச்சமான, இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்த துண்டு. கையில் எடுத்துப் பார்த்தால் அறுத்த கோடு தெரியும்.

1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியது. கரித்துண்டை வைத்துப் பார்த்ததில் கி.மு. 785 என்று ஒரு காலம் கிடைத்தது. 2021-இல் மறுபடி தோண்டியபோது செங்கல் கட்டுமானமும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய சுடுமண் குழாயும் வெளிப்பட்டன. அதற்கெல்லாம் தொண்ணூறு வருஷம் முன்னாலேயே கொற்கையில் மண்வெட்டி பிடித்தவர் ஒருவர் உண்டு. நமக்குத் தெற்கே இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல் ஐயர். இலக்கணம் எழுதிய கை மண்ணும் தோண்டியிருக்கிறது. கொற்கையையும் காயலையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1877-இல் வெளிவந்தது.

கால்டுவெல் எதைத் தேடிப் போனார் தெரியுமா? கிரேக்கர்கள் எழுதிய ஒரு பெயரை. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தில் இருந்த ஒரு கிரேக்க வியாபாரி கடல் வழிக் குறிப்பு ஒன்று எழுதினான். பெரிப்ளூஸ் என்பார்கள். எழுதியவன் பேர் கிடையாது. அதில் குமரிக்கு இந்தப் பக்கம் கொல்கோய் என்று ஓர் ஊர், அங்கே முத்துக் குளிக்கிறார்கள், பாண்டிய ராஜாவுக்குச் சேர்ந்தது, குளிப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி என்ற பூகோளக்காரரும் கொல்கோயைத் தன் பட்டியலில் சேர்த்தார். மன்னார் வளைகுடாவுக்கே அந்த ஊர்ப் பெயரைக் கொடுத்துவிட்டார். கொல்கோய் என்பது கொற்கைதான் என்று கால்டுவெல் எழுதினார், அது நிலைத்துவிட்டது.

அந்த முத்துக்குளிப்புக்காரர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரோம் நாட்டுச் சீமாட்டிகள் கழுத்தில் போட்டது நம் கடலில் ஒரு கைதி மூச்சடக்கி எடுத்தது. அந்தக் கைதியின் பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை. இருபது நூற்றாண்டு ஓடிய தொழில் 1961-இல் தூத்துக்குடியில் நடந்த குளிப்போடு நின்றுபோயிற்று.

கடல் ஏன் விலகியது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கடல் விலகவில்லை, ஆறு கரையை முன்னால் தள்ளிக்கொண்டே போனது. மலையிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் போட்டது. கொற்கை தூர்ந்தது, துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. இன்றைய பழையகாயல் அதுதான். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து இறங்கிய கெயில் அது. அரபு நாட்டுக் குதிரைகள் அங்கே கப்பல் கப்பலாக வந்தன. கால்டுவெல் போனபோது சீனக் களிமண் பாத்திர ஓடுகள் தரையெல்லாம் சிதறிக் கிடந்ததாக எழுதியிருக்கிறார். பிறகு காயலும் தூர்ந்தது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல். அதற்கப்புறம் தூத்துக்குடி. ஒரே துறைமுகம், ஆற்று மண்ணுக்குப் பயந்து மூன்று தடவை வீடு மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதெல்லாம் பழங்கதை என்று நினைக்கிறவர்களுக்கு 2023 டிசம்பர் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் மூழ்கியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றது. தண்ணீர் வடிந்தபிறகு வீட்டு நடுக்கூடத்தில் எவ்வளவு வண்டல் கிடந்தது என்று ஏரல்காரர்களைக் கேளுங்கள். கொற்கையை மூடியது என்ன என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மம்மட்டியால் அள்ளி வெளியே போட்டிருக்கிறார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் காயல்பட்டினம். ஆத்தூர் தாண்டும்போது வெற்றிலை வாங்கிக்கொள்ளலாம். காயல்பட்டினத்தின் தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய தெருக்களுக்கு நடுவே, வீட்டுக்குப் பின்னால் வீடாகப் போகும் ஒடுங்கிய முடுக்குகள், பெண்கள் புழங்க. கல்தூண் வைத்துக் கட்டிய பழைய பள்ளிவாசல்கள். அந்தத் தூண்களைச் செதுக்கிய கை கோயில் தூணும் செதுக்கிய கை என்று பார்த்தவுடனே தெரியும். என் போட்டோக்காரன் மருமகன் அங்கே நின்று ஒரு படம் எடுத்ததில்லை. மச்சான் கல்யாணத்துக்குப் பிரியாணி சாப்பிட மட்டும் போயிருக்கிறான்.

காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் மருமகன் வாங்கிய ஒலிவ எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய் ஒரு டப்பா கொண்டுவந்தார். "ஜைத்தூன் எண்ணெய்யைத்தானே சொல்றீங்க? எங்க உம்மா காலத்துலயே சவுதியிலேர்ந்து வரும்" என்றார். குர்ஆனில் அத்தியும் ஒலிவமும் சொல்லித் தொடங்கும் அத்தியாயம் இருக்கிறது என்றார். "எப்படிச் சமைப்பீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "சமையலா? முட்டிக்காலுக்கு அண்ணாச்சி!"

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இந்தக் கரையில் ஒலிவம் எல்லோருக்கும் தெரியும், யாரும் மரத்தைப் பார்த்ததில்லை. பள்ளிவாசல்காரருக்கு ஜைத்தூன். மணப்பாட்டுக் கிறிஸ்தவருக்கு ஒலிவ மலை. அந்த ஊரில் குருத்தோலை ஞாயிற்றுக்குப் பிடிப்பது நம்மூர் ஓலைக் குருத்து. சூப்பர் மார்க்கெட் போகும் பேத்திக்கு ஆலிவ் ஆயில். மூன்று பேர், ஒரே மரம்.

அந்த எண்ணெய் நம் கரைக்கு வந்ததும் புதிதில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோது மேலைநாட்டு ஜாடி ஓடுகள் நிறையக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலும் மது ஜாடிகள். ஆனால் ஒலிவ எண்ணெய் கொண்டுவந்த ஜாடிகளின் ஓடுகளும் அவற்றில் உண்டு என்று எலிசபெத் வில் என்ற அமெரிக்க அறிஞர் பிற்காலத்தில் அடையாளம் கண்டார். இங்கே தங்கியிருந்த யவனர்கள் ஊர்ச் சாப்பாடு இறங்காமல் வீட்டு எண்ணெய்யை வரவழைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். துபாயில் என் மருமகன் என்ன செய்கிறான்? ஒவ்வொரு தடவையும் ரெண்டு லிட்டர் செக்கெண்ணெய் கட்டிக்கொண்டு போகிறான். அதே கதைதான்.

எதிர்ப் பக்கமும் உண்டு. கொற்கையைச் சொன்ன அந்தப் பெயரில்லாத கிரேக்க வியாபாரி, இந்தியாவின் மேலைக்கரையிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பலேறும் சரக்குகளைச் சொல்லும்போது கோதுமை, அரிசி, நெய், பருத்தித் துணி இவற்றோடு எள்ளெண்ணெயையும் எழுதிவைத்திருக்கிறான்.

இந்த இடத்தில் பஸ்ஸைக் கொஞ்சம் ஓரம் கட்டுகிறேன். ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

எண்ணெய் என்கிறோம். எள் + நெய். எள்ளின் நெய்தான் எண்ணெய். வேறு எந்த எண்ணெய்க்கும் அந்தப் பெயர் பொருந்தக்கூடாது. ஆனால் என்ன ஆயிற்று? எள்ளெண்ணெய் அவ்வளவு செல்வாக்கோடு இருந்ததால் எல்லா எண்ணெய்க்கும் அதுவே பேராகிவிட்டது. தேங்காயில் எள் ஏது? தேங்காய் எண்ணெய் என்கிறோம். விளக்கெண்ணெய் என்கிறோம். பூமிக்கடியிலிருந்து எடுப்பதை மண்ணெண்ணெய் என்கிறோம். கடைசியில் நிஜமான எள்ளெண்ணெய் தன் பேரைத் தானே இழந்துவிட்டு, "நான் நல்லெண்ணெய்" என்று தனியாக அடைமொழி போட்டுக்கொண்டு நிற்கிறது. சொந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிற மாதிரி.

கிரேக்கத்தில் இதே கதை, எழுத்துப் பிசகாமல். அவர்கள் ஒலிவத்துக்கு எலாயா என்று பேர் வைத்தார்கள். அதன் எண்ணெய் எலாயோன். லத்தீனில் அது ஓலியம் ஆனது. அங்கிருந்து ஆங்கிலத்தில் ஆயில். ஒலிவத்தின் சாறு என்று பொருள்பட்ட சொல் இன்றைக்கு மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுவதற்கும் பேர். பெட்ரோலியம் என்றால் பாறை ஒலிவ எண்ணெய். மண்ணெண்ணெய் என்றால் மண் எள்ளெண்ணெய். பங்கில் வண்டிக்கு பெட்ரோல் போடும்போது நீங்கள் ஒரு கிரேக்க மரத்தின் பேரைச் சொல்கிறீர்கள். ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் வாங்கும்போது நம் புன்செய்க் காட்டு எள்ளின் பேரைச் சொல்கிறீர்கள்.

இந்த ஒரு ஒற்றுமைக்காகத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன். ஒரு ஜனம் எந்த மரத்தை, எந்தச் செடியை நம்பி வாழ்ந்தது என்பதை அதன் இடிபாடு சொல்வதைவிட அதன் அடுப்படிச் சொல் தெளிவாகச் சொல்கிறது. கிரேக்கர்கள் விளையாட்டில் ஜெயித்தவனுக்கு ஜாடி ஜாடியாக எண்ணெய் பரிசு கொடுத்தார்கள். உடம்பில் எண்ணெய் தேய்த்துப் பயிற்சி செய்து, அதை ஒரு வளைந்த தகட்டால் வழித்துப் போட்டார்கள். நாம் தேய்த்துச் சீயக்காய் போட்டோம். வழிப்பதற்குத் தகடு தேடாத புத்திசாலித்தனத்துக்காக நம் பாட்டிகளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

வண்டியை எடுக்கிறேன். சாயங்கால வெயிலில் திருச்செந்தூர் தாண்டி நம் ஊருக்கே வருகிறோம். செக்கடிக்கு.

நம் பக்கத்துச் செக்கில் எள் ஆட்டுவதைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? மரச்செக்கு ஒன்றின் முன்னால் நான் ஒரு முழுக் காலைப்பொழுது உட்கார்ந்திருந்திருக்கிறேன். முதலில் எள்ளைப் போட்டு உலக்கை சுற்றத் தொடங்கும். அரை மணி நேரம் கறுப்புக் கூழ் மாதிரி ஒட்டிக்கொண்டு சுற்றும். எண்ணெய்யே வராது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்போது செக்குக்காரர் ஒரு கருப்பட்டியை எடுத்துத் தரையில் தட்டி நாலாக உடைத்து உள்ளே போட்டார். கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். இரண்டு மூன்று சுற்று. கூழ் இறுகத் தொடங்கியது. பிண்ணாக்கு ஒரு பக்கம் கட்டியாகச் சேர, மறுபக்கம் மெல்லப் பொன்னிறத்தில் எண்ணெய் கசிந்து குழியில் தேங்கியது. நான் "ஏன் அண்ணாச்சி கருப்பட்டி?" என்று கேட்டேன். "அது போட்டாத்தான் பிண்ணாக்கு எண்ணெய்ய விடும். இல்லன்னா கட்டிப்பிடிச்சிக்கிட்டே கெடக்கும்" என்றார். பத்துக் கிலோ எள்ளுக்கு அரைக்கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை போடுகிறார்கள். நல்லெண்ணெய்யின் அடியில் இருக்கும் அந்த லேசான இனிப்பு மணம் அங்கிருந்து வருவது.

ஒலிவத்துக்கு இது தேவையில்லை. ஒலிவக்காயைக் கொட்டையோடு நசுக்கிப் பிழிந்தால் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து வரும். எண்ணெய் மேலே மிதக்கும். எள்ளில் அந்தச் சாறு கிடையாது. அதற்கு ஒரு கூட்டாளி வேண்டும். அந்தக் கூட்டாளி உடன்குடியில் இருக்கிறார்.

தேரிக்காட்டுச் செம்மணலில் நெல் விளையாது. பனை நிற்கும். பனையேறி விடியற்காலையிலும் சாயங்காலமும் ஏறி, முப்பது நாற்பது மரத்தில் பாளை சீவிக் கலயம் மாற்றி இறக்குகிறார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர், தடவாவிட்டால் கள். சட்டத்துக்கும் சட்டவிரோதத்துக்கும் நடுவே ஒரு விரல் சுண்ணாம்பு! பிறகு விடிலி. பனை ஓலை வேய்ந்த அந்தக் கொட்டகைக்குள் அடுப்பில் பதநீர் கொதிக்கும். அங்கே பெரும்பாலும் பெண்கள்தான். நுரை பொங்கி வரும்போது ஒரு அக்கா நாலு ஆமணக்கு முத்தை நசுக்கி உள்ளே போட்டார். பொங்கின நுரை அப்படியே அடங்கியது. அங்கேயும் எண்ணெய்தான் வேலை செய்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பதம் பார்க்கத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினார். உருண்டது. இறக்கித் துடுப்பால் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றினார். ஏழெட்டு லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி தேறும்.

இந்தக் கருப்பட்டிக்காக ஒரு காலத்தில் ரயிலே ஓடியது. குலசேகரபட்டினத்தில் வெள்ளைக்காரக் கம்பெனியின் சர்க்கரை ஆலை இருந்த நாளில், திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் நடுவே ஒரு குட்டி ரயில் நம் ஊர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. தண்டவாளம் போய் எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அதே குலசையில் ராக்கெட் ஏவுதளம் கட்டுகிறார்கள்; 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். குட்டி ரயிலிலிருந்து ராக்கெட் வரை பார்த்த ஊர் நம்முடையது. இரண்டுக்கும் நடுவே பனையேறியின் ஏணி மட்டும் மாறவில்லை. ஏணி ஏது, அவருக்கு நெஞ்சும் தளைநாரும்தான்.

இனி ஒரு குறையைச் சொல்லி முடிக்கிறேன். மேடையில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நாலைந்து வருஷம் முன்னால் சென்னையிலிருந்து ஒரு நண்பர் குடும்பத்தோடு வந்தார். உடன்குடிக் கருப்பட்டி வேண்டும் என்று ஆசையாகக் கேட்டார். வழியில் ஒரு கடையில் நானே பார்த்து இரண்டு கிலோ வாங்கிக் கொடுத்தேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். பத்து நாள் கழித்து அவர் கூப்பிட்டு, "காபியில போட்டா சீனித் தண்ணி மாதிரி இருக்கே?" என்றார். மிச்சம் இருந்ததைக் கடித்துப் பார்த்தேன். பல்லில் சீனி நறநறத்தது. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் சொல்லி மாளாது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் அந்த முத்திரை ஊருக்குத்தான். சிரட்டையில் என்ன ஊற்றுகிறோம் என்பதைச் சிரட்டை பிடித்த கைதான் தீர்மானிக்கிறது. ஒலிவ எண்ணெய்யிலும் கலப்படம் உண்டு, ஐரோப்பாவில் அதற்காகக் கேஸ் நடக்கிறது. அவர்களும் தேவர்கள் இல்லை. ஆனால் என் மருமகன் வாங்கிய பாட்டிலின் லேபிளைப் படித்துக் காட்டச் சொன்னேன். எந்த ஊர்த் தோட்டம், எந்த வருஷத்து அறுவடை, எல்லாம் போட்டிருக்கிறது. நம் கருப்பட்டி ஓலைப்பெட்டியில் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கிறது. எந்த விடிலி, எந்த மாதம் காய்ச்சியது என்று எழுத ஒரு துண்டுச் சீட்டு போதும். வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். வரும் மாசிப் பருவத்திலிருந்து அந்தச் சீட்டைப் போட ஆரம்பியுங்கள். செக்குக்காரர்களும் எண்ணெய்ப் பாட்டிலில் "உடன்குடிக் கருப்பட்டி போட்டு ஆட்டியது" என்று ஒரு வரி சேருங்கள். கேட்கிறவனுக்குக் கொற்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சித்திரையில் மருமகன் ஊருக்கு வருகிறான். நான் இன்றைக்கு வாயால் ஓட்டிய பஸ்ஸை அன்றைக்கு நிஜமாகவே ஓட்டப்போகிறேன். பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் பேசியிருக்கிறேன். ஏழு இடம் நிரம்பிவிட்டது. காலை ஐந்தரைக்குப் பஜாரில் கிளம்புவோம். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். குடிக்கத் தண்ணீரும் தலைக்குத் துண்டும் கொண்டுவாருங்கள். ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் நிழல் கிடையாது.